டயல்-அப் ஏன் மெதுவாகிறது: 26,400 என்ற எண் சொல்லும் சேதி

கணினித் தரவை ஒலியாக்கும் மோடத்தைத் தொலைபேசித் தடத்தில் செருகி இணையத்தை எட்டும் டயல்-அப் இணைப்பு மெதுவாக இருக்கிறது என்று யாராவது என்னிடம் வந்தால் நான் முதலில் கேட்பது ஒரே கேள்விதான்: இணைப்புக் கிடைத்தவுடன் திரையின் ஓரத்தில் என்ன எண் வந்தது? வினாடிக்கு எத்தனை பிட் என்று சொல்லும் அந்த இணைப்பு வேகம் பலருக்கு நினைவிருக்காது. "முப்பதுக்குள்ளே ஏதோ", "நாற்பது சொச்சம்" என்பார்கள். அந்தச் சொச்சம்தான் எனக்கு வேண்டும். 28,800 என்பதற்கும் 29,333 என்பதற்கும் வேகத்தில் சொல்லிக்கொள்ளும்படியான வேறுபாடு இல்லை. ஆனால் முதல் எண் காட்டும் தடத்தில் ஒருவகைச் சிக்கல், இரண்டாம் எண் காட்டும் தடத்தில் முற்றிலும் வேறுவகைச் சிக்கல். இதைப் பார்க்காமலே மோடத்தை மாற்றுவதும், விண்டோஸை மறுபடி நிறுவுவதும், வேகத்தை இரட்டிப்பாக்குவதாகச் சொல்லும் மென்பொருளை வாங்கிப் போடுவதும் பணத்துக்கும் நேரத்துக்கும் கேடு.

ஏ.ஓ.எல். நிறுவனம் தன் டயல்-அப் சேவையை 2025 செப்டம்பர் 30 அன்று நிறுத்திவிட்டது. ஆயினும் செம்புக் கம்பியைத் தவிர வேறு எதுவும் எட்டாத இடங்களில் இன்னும் மோடம் ஒலித்துக்கொண்டிருக்கிறது. பெரிய வலையமைப்பு செயலிழந்தால் தொலைவிலுள்ள ரவுட்டருக்குள் நுழைவதற்கென்று தனியே ஒரு தொலைபேசித் தடமும் மோடமும் வைத்திருக்கும் அலுவலகங்களும் உண்டு. இந்தத் தடங்களைச் சீர்செய்யும் அறிவு கையிலிருந்து நழுவுகிறதே என்ற கவலையில்தான் இதை எழுதுகிறேன்.

எண்ணுக்கு வருவோம். இரு மோடங்கள் பேசிக்கொள்ளும் முறையை வகுக்கும் தரநிலைகளில், 1994-இல் வந்த வி.34 முதலில் 28,800 வரையும், 1996-இல் செய்த திருத்தத்துக்குப் பின் 33,600 வரையும் போனது. அதன் வேகங்கள் 2,400-இன் மடங்குகளாகவே அமையும்: 21,600, 24,000, 26,400, 28,800, 31,200, 33,600. 1998-இல் வந்த வி.90, அதாவது நாம் "56 கே" என்று அழைக்கும் தரநிலை, 28,000-இல் தொடங்கி 1,333-உம் சில்லறையுமாக ஏறும்: 29,333, 30,667, 32,000, 33,333 என்று தொடங்கி 44,000, 45,333, 46,667, 48,000 என்று 56,000 வரை. அதற்குச் சற்று முன்பு ராக்வெல்லும் லூசென்ட்டும் கொண்டுவந்த கே56ஃபிளெக்ஸ் 2,000 படிகளாக ஏறியது. ஆகவே திரையில் வந்த எண்ணைப் பார்த்தவுடனேயே இரு மோடங்களும் எந்த மொழியில் பேசிக்கொள்ள ஒப்புக்கொண்டன என்று சொல்லிவிடலாம். வி.90 மோடம் வைத்திருப்பவருக்கு 31,200 வந்தால், அந்த மோடம் வி.90-ஐ முயன்று பார்த்துவிட்டோ முயலாமலோ வி.34-க்கு இறங்கிவிட்டது என்று பொருள். 37,333 வந்தால் வி.90 வேலை செய்கிறது, ஆனால் ஏதோ அதை அழுத்துகிறது என்று பொருள்.

எண்ணின் அளவைப் போலவே அது மாறுகிறதா என்பதையும் கவனிக்க வேண்டும். எப்போது அழைத்தாலும், காலையோ நள்ளிரவோ, மழையோ வெயிலோ, அதே 26,400 வருகிறது என்றால் அது இரைச்சலின் வேலை அன்று. தடத்தின் அமைப்பிலேயே ஏதோ இருக்கிறது. ஒருமுறை 46,667, அடுத்த முறை 33,333, பிறகு 41,333 என்று தாவினால் அங்கே இரைச்சலைத் தேட வேண்டும். இந்த இரண்டு கேள்விகளுக்கும் விடை கிடைத்துவிட்டால் தேட வேண்டிய இடங்களில் முக்கால்வாசி கழிந்துவிடும்.

ஓர் எச்சரிக்கை. சில கணினிகளில் எப்போதும் 1,15,200 என்று காட்டும். அது தொலைபேசித் தடத்தின் வேகமே அன்று. கணினிக்கும் மோடத்துக்கும் இடையே உள்ள சீரியல் போர்ட்டின் வேகம். பொருத்தமில்லாத டிரைவரை நிறுவியிருந்தால் இப்படி வரும். ராக்வெல் சிப் உள்ள மோடங்களில் ஏ.டி.டபிள்யூ.2 என்ற கட்டளையைத் தொடக்கக் கட்டளையில் சேர்த்தால் உண்மையான தட வேகத்தைக் காட்டத் தொடங்கும். அதைச் செய்யாதவரை மேலே சொன்ன எதுவும் பயன்படாது.

33,600-க்கு மேல் போக வி.34-ஆல் ஏன் முடியவில்லை, வி.90-ஆல் எப்படி முடிந்தது என்பது தெரிந்தால் மற்றவை தாமாகவே விளங்கும். தொலைபேசித் தடம் மனிதக் குரலுக்காகப் போடப்பட்டது. ஏறத்தாழ 300 ஹெர்ட்ஸிலிருந்து 3,400 ஹெர்ட்ஸ் வரையான ஒலியைத்தான் அது ஏற்கும். அத்தகைய குறுகிய தடத்தில் எவ்வளவு தரவு செல்ல முடியும் என்பதைக் கணக்கிடும் சூத்திரத்தை கிளாட் ஷேனன் 1948-இலேயே தந்துவிட்டார். 3,100 ஹெர்ட்ஸ் அகலமும் 35 டெசிபல் சமிக்ஞை-இரைச்சல் விகிதமும் உள்ள தடத்துக்கு அந்தச் சூத்திரம் தரும் விடை வினாடிக்குச் சுமார் 36,000 பிட். வி.34 அந்த எல்லையின் வாசலில் போய் நின்றுவிட்டது. வி.90-ஐ வடிவமைத்தவர்கள் ஷேனனை மீறவில்லை. இரைச்சலின் ஒரு பெரும்பகுதியை எடுத்துவிட்டார்கள். அனலாக் ஒலியைத் தொலைபேசி இணைப்பகம் வினாடிக்கு 8,000 முறை அளந்து, ஒவ்வோர் அளவையும் 8 பிட் எண்ணாக மாற்றும்போது ஏற்படும் கிட்டத்தட்டச் சரியான மதிப்பீடுதான் அந்த இரைச்சலின் முக்கிய ஊற்று. இணையச் சேவை நிறுவனத்தின் கருவி டிஜிட்டல் தடத்திலேயே இணைந்திருந்தால், அங்கிருந்து நம்மை நோக்கி வரும் திசையில் அந்த மாற்றம் நிகழத் தேவையே இல்லை. வினாடிக்கு 8,000 அளவுகள், ஒவ்வொன்றிலும் நம்பத்தக்க 7 பிட், ஆக 56,000. நம்மிடமிருந்து போகும் திசையில் அனலாக்கிலிருந்து டிஜிட்டலுக்கு மாறியே ஆக வேண்டும் என்பதால் அங்கே 33,600-தான் உச்சம். 2000-இல் வந்த வி.92 அதை 48,000 வரை தள்ளியது. அமெரிக்காவில் கம்பியில் அனுப்பும் சமிக்ஞையின் வலிமைக்கு அந்நாட்டுத் தொலைத்தொடர்பு ஆணையமான எஃப்.சி.சி. விதித்த வரம்பால் பதிவிறக்கமும் 53,333-உடன் நின்றது.

இதன் விளைவு முக்கியமானது. சேவை நிறுவனத்துக்கும் நம் வீட்டுக்கும் இடையே டிஜிட்டலிலிருந்து அனலாக்குக்கு ஒரே ஒரு மாற்றம் மட்டுமே இருக்க வேண்டும். இரண்டாவதாக ஒன்று இருந்தால், அடுத்த நொடியே வி.90 செத்துவிடும். ஒரு ஜோடிக் கம்பியில் இரண்டு வீடுகளுக்கு இணைப்புக் கொடுக்கும் கருவி தெருவோரப் பெட்டியில் இருந்தாலோ, அலுவலகத்தில் நம் மோடம் உள் இணைப்பகத்தின் வழியே வெளியே போனாலோ இப்படி ஆகும். நாள் தவறாமல் 26,400 காட்டும் தடங்களில் நான் பார்த்தவரை பெரும்பாலும் இதுவே காரணம். மிகவும் அமைதியான தடம், பேச்சில் ஒரு சிறு சீறல்கூட இல்லை, மோடமும் புதியது, ஆனால் 26,400-ஐத் தாண்ட மறுக்கிறது. அதன் உரிமையாளர் மூன்றாவது மோடம் வாங்கக் கிளம்புவார். அவரைத் தடுத்து நிறுத்துவதே அவருக்குச் செய்யும் பெரிய உதவி. அத்தகைய தடத்தில் எந்த மோடமும் அதற்கு மேல் ஏறாது. தொலைபேசி நிறுவனத்திடம் தனிச் செம்பு ஜோடி கேட்டு வாங்குவது ஒன்றே வழி. கேட்டவுடன் கிடைக்காது என்பது வேறு விஷயம்.

அந்த முடிவுக்கு வரும் முன் ஒரு சோதனை செய்ய வேண்டும். வேறொரு சேவை நிறுவனத்தின் எண்ணை அழைத்துப் பாருங்கள். கடவுச்சொல் தேவையில்லை, இணைப்பு வேகத்தைப் பார்த்துவிட்டு வைத்துவிடலாம். அங்கே 44,000 கிடைத்தால் உங்கள் தடம் நன்றாக இருக்கிறது, குறை முதல் நிறுவனத்தின் மோடங்களிலோ உங்கள் மோடத்துக்குள் பதித்த மென்பொருளான ஃபர்ம்வேரிலோ இருக்கிறது. எல்லா எண்களுக்கும் ஒரே மாதிரி வி.34 வேகம் என்றால் தடம்தான்.

இரைச்சலால் தாவும் வேகத்துக்கு வருவோம். இங்கேதான் வீட்டுக்காரரின் கைக்கு எட்டும் வேலை அதிகம். காதால் கேட்பதில் தொடங்குங்கள். தொலைபேசியை எடுத்து, டயல் ஒலி வந்ததும் ஏதாவது ஓர் எண்ணை மட்டும் அழுத்துங்கள். டயல் ஒலி நின்று, அடுத்த எண்ணுக்காக இணைப்பகம் காத்திருக்கும் அந்தச் சில நொடிகளில் தடம் அமைதியாக இருக்க வேண்டும். மெல்லிய சீறல் எல்லாத் தடங்களிலும் உண்டு. கீழ்க்குரலில் "ம்ம்" என்று ஓர் உறுமல் கேட்டால் மின்சாரக் கம்பிகளிலிருந்து ஏதோ கசிகிறது. பொரிவது போன்ற வெடிப்பொலி என்றால் எங்கோ ஓர் இணைப்பு துருப்பிடித்திருக்கிறது அல்லது ஈரம் இறங்கியிருக்கிறது. வேறொருவர் பேச்சு மங்கலாகக் கேட்டால் பக்கத்து ஜோடியிலிருந்து கசிவு. அடுத்து, வெளிக் கம்பி கட்டடத்துக்குள் நுழையும் முதல் பெட்டியில் உள் கம்பிகளையெல்லாம் கழற்றிவிட்டு, மோடத்தை நேராக அங்கேயே செருகி அழையுங்கள். கணினியை அங்கே தூக்கிச் செல்வது சிரமம்தான். ஆனால் இந்த ஒரு சோதனை, பழி உள்ளே இருக்கிறதா வெளியே இருக்கிறதா என்பதை ஐயமின்றித் தீர்த்துவிடும்.

பழி உள்ளே என்று தெரிந்தால், தேட வேண்டியது மோடத்திலிருந்து சுவருக்குப் போகும் கம்பியைத்தான். தட்டையான அந்தத் தொலைபேசிக் கம்பியின் உள்ளே இழைகள் முறுக்கப்படாமல் இணையாக ஓடும். அது ஆன்டெனா போல வேலை செய்யும். நீளமாக வாங்கிச் சுருட்டி மேசைக்கடியில், மின் அடாப்டர்களின் மேலேயே போட்டு வைத்திருப்பார்கள். அதை அகற்றிவிட்டு, இழைகள் முறுக்கப்பட்ட குட்டையான கம்பி ஒன்றைப் போடுங்கள். ஒருவர் வீட்டில் பகலில் 45,333, விளக்கு வைத்தபின் 36,000 என்று மாறிக்கொண்டே இருந்தது. மாலையில் எல்லாரும் இணையத்துக்கு வருவதால் நெரிசல் என்று அவரே காரணம் சொல்லியிருந்தார். ஆனால் நெரிசல் இணைப்பு எண்ணைக் குறைக்காது, இணைந்த பிறகு வரும் தரவைத்தான் தாமதப்படுத்தும். அறையின் விளக்கு மட்டுப்படுத்தும் சுவிட்சுக்கு ஒட்டியே தொலைபேசிக் கம்பி ஓடியிருந்தது. கம்பியை ஓர் அடி தள்ளி ஆணியடித்ததும் இரவிலும் 45,333 நிலைத்தது.

ஒரே தடத்தில் தொங்கும் மற்ற கருவிகளையும் ஒவ்வொன்றாகக் கழற்றிப் பாருங்கள். பதில்பதிவுக் கருவி, கம்பியில்லாக் கைபேசியின் அடித்தளம், பழைய மணி, தொலைநகல், எவரும் பயன்படுத்தாத அறையில் சுவரோடு முடியும் நீட்டிப்புக் கம்பி என ஒவ்வொன்றும் சமிக்ஞையில் ஒரு பங்கைத் தின்னும் அல்லது எதிரொலியாகத் திருப்பி அனுப்பும். மின்னல் பாதுகாப்புக் கருவி என்று விற்கப்படும் சிறு பெட்டிகளில் சில, உயர் அதிர்வெண்களை மங்கச் செய்து வி.90-இன் மேல்படிகளைப் பறித்துவிடும். அதற்காக மின்னல் காலத்தில் அதைக் கழற்றி வைக்கச் சொல்ல மாட்டேன். ஒருமுறை இடி விழுந்த மோடம் முற்றிலும் சாகாமல் அரைகுறையாகத் தப்பி, அதன்பின் ஒருபோதும் 30,000-ஐத் தாண்டாமல் போவதைப் பார்த்திருக்கிறேன். நல்ல பாதுகாப்புக் கருவியாக மாற்றிக்கொள்ளலாம்.

குறை வெளிக் கம்பியில் இருந்தால் தொலைபேசி நிறுவனத்திடம் பேசித்தான் ஆக வேண்டும். அங்கே எப்படிப் பேசுகிறோம் என்பது முக்கியம். "இணையம் மெதுவாக இருக்கிறது" என்று புகார் கொடுத்தால், தாங்கள் குரலுக்கு மட்டுமே பொறுப்பு என்று கூறிப் புகாரை மூடிவிடுவார்கள். பல நாடுகளில் சட்டப்படியும் அவர்கள் சொல்வது சரியே. "பேசும்போது இரைச்சல் கேட்கிறது, மழை பெய்தால் கூடுகிறது" என்று சொல்லுங்கள், அது உண்மையாக இருந்தால். அது அவர்கள் மறுக்க முடியாத புகார். வந்து கம்பியைச் சோதிப்பவர் ஈரம் இறங்கிய இணைப்பையோ துருப்பிடித்த முனையையோ மாற்றினால் மோடத்தின் வேகமும் தானே ஏறும். மற்றபடி இணைப்பகத்திலிருந்து தொலைவு, நீண்ட தடங்களில் குரல் தெளிவுக்காகச் செருகியிருக்கும் சுமைச் சுருள்கள், முன்பு வேறு யாருக்கோ கொடுத்து இப்போது வெறுமனே தொங்கும் கிளைக் கம்பிகள் ஆகியவற்றைப் பற்றி நாம் செய்யக்கூடியது மிகக் குறைவு.

உள்ளதை உள்ளபடி அளக்க மோடமே ஒரு நல்ல கருவி. யு.எஸ். ரோபாட்டிக்ஸ் மோடங்களில் இணைப்பைத் துண்டித்தபின் டெர்மினல் சாளரத்தைத் திறந்து ஏ.டி.ஐ.6, ஏ.டி.ஐ.11 என்று தட்டினால், கடைசி அழைப்பின் முழு வரலாற்றையும் அது ஒப்பிக்கும்: எந்தத் தரநிலை, சமிக்ஞையின் வலிமை எத்தனை டெசிபல், இரைச்சல் விகிதம் எவ்வளவு, பிழையான தொகுதிகள் எத்தனை, இடையில் எத்தனை முறை மறுபயிற்சி நடந்தது. கடைசியாகச் சொன்ன அந்த மறுபயிற்சிதான் இந்த முழு விவகாரத்திலும் அதிகம் கவனிக்கப்படாத பகை.

தடம் கெட்டால் இரு மோடங்களும் தரவு அனுப்புவதை நிறுத்திவிட்டுத் தடத்தை மறுபடி அளந்து புதிய வேகத்துக்கு ஒத்துக்கொள்ளும். அதற்குச் சில நொடிகள் ஆகும். அந்த நேரத்தில் ஒரு பைட்டும் நகராது. பக்கம் உறைந்து நிற்கும். இணைப்பு இருப்பதாகவே திரை காட்டும். மறுபயிற்சிக்குப் போகாத சிறு பிழைகளையும் வி.42 பிழை திருத்தம் கண்டுபிடித்து, கெட்ட தொகுதியை மறுபடி அனுப்பச் சொல்லும். ஆக 49,333 என்று இணைந்து அடிக்கடி மறுபயிற்சிக்குப் போகும் தடத்தைவிட, 42,667-இல் அசையாமல் நிற்கும் தடம் ஒரு மணி நேரத்தில் அதிகத் தரவைக் கொண்டுவந்து சேர்க்கும். எனவே உச்ச வேகத்தை நாமே கட்டிப்போடுவது நல்லது. பல மோடங்களில் ஏ.டி. பிளஸ் எம்.எஸ். என்ற கட்டளையில் தரநிலையையும் மிகக் குறைந்த, மிக அதிக வேகங்களையும் கொடுக்கலாம். மற்றவற்றுக்கு அவற்றின் கையேட்டில் அதற்கென ஒரு ரெஜிஸ்டர், அதாவது அமைப்பு எண்ணை வைக்கும் இடம், இருக்கும். வழக்கமாகக் கிடைக்கும் எண்ணிலிருந்து இரண்டு படி இறக்கி, ஒரு பெரிய கோப்பைப் பதிவிறக்கி நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். இன்னும் ஒரு படி இறக்கி மறுபடி பாருங்கள். மிகவும் மோசமான தடத்தில் வி.90-ஐயே அணைத்துவிட்டு வி.34-இல் 28,800 என்று வைத்துவிடுவது நிம்மதி. பெரிய எண்ணைக் கண்ணால் பார்க்கும் ஆசையை விட்டுவிடச் சொல்லி மக்களை இணங்க வைப்பதுதான் இதில் கடினம். ஆனால் கோப்பு முன்னைவிட விரைவாக இறங்குவதைப் பார்த்தபின் எவரும் பழைய எண்ணைத் திருப்பிக் கேட்டதில்லை.

இதோடு சேர்ந்தது அழைப்புக் காத்திருப்பு. நாம் இணைந்திருக்கும்போது வேறொருவர் அழைத்தால் இணைப்பகம் தடத்தில் ஒரு பீப் ஒலியை நுழைக்கும். மோடத்துக்கு அது இணைப்பே அறுந்தது போலத் தோன்றும். அழைக்கும் எண்ணின் முன்னால் அந்த வசதியை அணைக்கும் குறியீட்டைச் சேர்க்கலாம். அல்லது சமிக்ஞை எவ்வளவு நேரம் அறுந்தால் இணைப்பைத் துண்டிப்பது என்று சொல்லும் எஸ்10 ரெஜிஸ்டரில் உள்ள நேரத்தைக் கூட்டலாம். அது பத்தில் ஒரு நொடி அலகில் எண்ணும், பல மோடங்களில் 14 என்று இருக்கும், அதாவது 1.4 நொடி. 50 என்று ஏற்றினால் பீப் ஒலியைப் பொறுத்துக்கொள்ளும்.

இனி கணினிப் பக்கம். வெளி மோடம் வைத்திருப்பவர்கள் போர்ட்டின் வேகத்தைப் பார்க்க வேண்டும். சீரியல் போர்ட்டில் ஒவ்வொரு பைட்டுக்கும் முன்னும் பின்னும் ஒரு பிட் சேர்வதால் ஒரு பைட்டுக்குப் பத்து பிட் ஆகும். போர்ட்டை 57,600-இல் வைத்தால் வினாடிக்கு 5,760 பைட்தான் கடக்கும். ஆனால் 53,333 வேகத்தில் இணைந்த தடமோ பிழை திருத்தம் இயங்கும்போது அந்தக் கூடுதல் பிட்டுகளை நீக்கிவிட்டு வினாடிக்கு 6,600 பைட்டுக்கு மேல் கொண்டுவரும். இதற்கு மேல் மோடத்தின் சுருக்கமும் சேர்ந்தால் போர்ட் கழுத்தை நெரிக்கும். ஆகையால் 1,15,200-க்குக் குறைவாக வைக்கக் கூடாது. அந்த வேகத்தில் ஒவ்வொரு 87 மைக்ரோநொடிக்கும் ஒரு பைட் வந்து விழும். சீரியல் போர்ட்டை இயக்கும் பழைய 8250, 16450 சிப்புகளில் ஒரு பைட்டுக்குத்தான் இடம். கணினி வேறு வேலையில் ஒரு கணம் திரும்பினாலும் அடுத்த பைட் முந்தையதை அழித்துவிடும். 16550ஏ சிப்பில் 16 பைட் கொள்ளும் இடம் உண்டு. விண்டோஸின் போர்ட் அமைப்பில் அதைப் பயன்படுத்தும் பெட்டி தேர்வாகியிருக்கிறதா என்று பார்த்துவிடுங்கள்.

இந்தக் கோளாறைக் கண்டுபிடிக்க ஒரு நுட்பமான வழி இருக்கிறது. விண்டோஸ் 98-இன் சிஸ்டம் மானிட்டரில் டயல்-அப் அடாப்டரின் சி.ஆர்.சி. பிழைகளையும் (தரவு சிதைந்து வந்தது) ஓவர்ரன் பிழைகளையும் (படிக்கும் முன்பே பைட் அழிந்தது) வரைபடமாகப் பார்க்கலாம். அங்கே சி.ஆர்.சி. பிழை ஏறினால் பெரும்பாலானோர் தொலைபேசித் தடத்தின் மேல் பழி போடுவார்கள். ஆனால் வி.42 இயங்கும்போது தடத்தில் நேரும் பிழைகள் மோடங்களுக்கு இடையிலேயே திருத்தப்பட்டுவிடும், கணினி வரை வந்து சேராது. ஆகவே அந்தப் பிழைகள் மோடத்துக்கும் கணினிக்கும் இடையே பிறந்தவை. போர்ட்டையோ டிரைவரையோ தரவு ஓட்டக் கட்டுப்பாட்டு அமைப்பையோ பாருங்கள். கணக்கீட்டை எல்லாம் கணினியின் பிராசஸரிடமே விட்டுவிடும் மென்பொருள் மோடங்களில், கனமான நிரல் ஒன்று ஓடத் தொடங்கியதும் வேகம் சரிவதும் இதே இனம். என் முடிவு எளிது: மெதுவான கணினியில் அத்தகைய மோடத்தோடு போராடுவதைவிட, தனக்கென பிராசஸர் உள்ள வெளி மோடம் ஒன்றைத் தேடிப் பிடிப்பது மேல்.

பழைய விண்டோஸில், டயல்-அப் இணைப்பின் பண்புகளில் நெட்பியூஐ, ஐ.பி.எக்ஸ். என்ற பழைய வலையமைப்பு நெறிமுறைகள் இரண்டையும் நீக்கிவிட்டு இணையத்துக்கு வேண்டிய டி.சி.பி./ஐ.பி. மட்டும் வையுங்கள், வலையமைப்பில் உள்நுழையும் பெட்டியையும் எடுத்துவிடுங்கள். இணைந்தபின் பல நொடி காத்திருப்பது குறையும். ஒரு தரவுப் பொதியின் உச்ச அளவான எம்.டி.யு. எண்ணை மாற்றும் மென்பொருள்களுக்கு ஒரு காலத்தில் இருந்த மதிப்பு மிகையானது. 33,600-இல் 1,500 பைட் பொதி கடக்க 0.36 நொடி, 576 பைட் பொதி கடக்க 0.14 நொடி. பதிவிறக்கம் ஓடும்போதே அரட்டையும் அடிப்பவருக்குச் சிறிய பொதி நல்லது; மற்றவர்களுக்குப் பெரிய வேறுபாடு இல்லை, ஏனென்றால் வான் ஜேக்கப்சன் 1990-இல் வகுத்த தலைப்புச் சுருக்கம் 40 பைட் தலைப்பை மூன்று முதல் ஐந்து பைட்டாக ஏற்கெனவே குறைத்துவிடுகிறது. அந்தச் சுருக்கம் இயங்குகிறதா என்று மட்டும் பாருங்கள்.

இத்தனைக்கும் பிறகு 45,333 நிலையாக நிற்கிறது, ஆனால் பக்கங்கள் நகரவில்லை என்றால் குறை உங்களிடம் இல்லை என்பதை நிறுவ வேண்டும். சேவை நிறுவனத்தின் சொந்த வழங்கியிலிருந்தே ஒரு ஜிப் கோப்பை இறக்குங்கள். ஏற்கெனவே சுருக்கிய கோப்பு என்பதால் மோடத்தின் சுருக்கம் கணக்கைக் குழப்பாது. இணைப்பு வேகத்தை எட்டால் வகுத்தால் 5,600 பைட் சொச்சம். வினாடிக்கு 5,000-க்கு மேல் வந்தால் தடம், மோடம், கணினி மூன்றும் நலம். அதே அளவுள்ள கோப்பு வெளியுலக வழங்கியிலிருந்து 1,000 பைட்டில் தவழ்ந்தால், நிறுவனம் தன் வெளித் தடத்தைத் தாங்காத அளவு வாடிக்கையாளர்களால் நிரப்பியிருக்கிறது. எழுதி வைத்த எண்களோடு புகார் கொடுங்கள். "உங்கள் மோடம் பழையது" என்ற வழக்கமான பதிலை அந்த எண்கள் முன்கூட்டியே அடைத்துவிடும்.

இன்று டயல்-அப்பில் இருப்பவருக்கு முன்பு இல்லாத இரண்டு தொல்லைகள் சேர்ந்துள்ளன. ஒன்று, தொலைபேசியே இணைய வழிக்கு மாறியது. சுவரில் அதே செருகிதான். ஆனால் அதன் பின்னால் குரலைப் பொதிகளாக வெட்டும் அடாப்டர் இருக்கும். அது ஜி.729 போன்ற பேச்சுச் சுருக்கத்தைப் பயன்படுத்தினால் மோடம் இணையவே இணையாது, ஏனென்றால் அந்தச் சுருக்கம் வினாடிக்கு 8,000 பிட்டில் மனிதக் குரலை மட்டுமே மறுபடி உருவாக்கத் தெரிந்தது. அத்தகைய பேச்சுச் சுருக்கம் இல்லாத ஜி.711 என்று அமைத்து, எதிரொலி நீக்கத்தையும் மௌனத்தைக் கத்தரிக்கும் வசதியையும் அணைத்தால் இணையும். அப்போதும் 20 மில்லிநொடிப் பொதி ஒன்று தொலைந்தால் 160 அளவுகள் ஒரேயடியாகக் காணாமல் போய், மறுபயிற்சி தொடங்கிவிடும். இத்தகைய தடத்தில் வி.90-ஐ நினைக்கவே வேண்டாம். 14,400 அல்லது 9,600 என்று கட்டிப்போட்டால்தான் தாக்குப்பிடிக்கும். ரவுட்டரை நிர்வகிக்கும் எழுத்து வடிவச் சாளரத்துக்கு 9,600 தாராளம்.

இரண்டாவது, இடையில் எவரும் படிக்க முடியாதபடி தரவை மாற்றும் மறைகுறியாக்கம். வி.42பிஸ், அதன்பின் வந்த வி.44 ஆகிய மோடச் சுருக்கங்கள் வெறும் எழுத்தாக வரும் பக்கத்தை இரண்டு, மூன்று மடங்கு வேகத்தில் கொண்டுவந்து சேர்த்தன. 44,000 தடத்தில் எழுத்துப் பக்கம் அத்தனை சுறுசுறுப்பாக வந்ததற்கு அதுவே காரணம். இப்போது ஏறத்தாழ எல்லாத் தளங்களும் எச்.டி.டி.பி.எஸ். ஆகிவிட்டன. மறைகுறியாக்கிய தரவில் மீள்வரும் ஒழுங்கே இருக்காது, சுருக்கவும் எதுவும் இருக்காது. சேவை நிறுவனங்கள் முன்பு தந்த படச்சுருக்க முடுக்கிகளும் அதனுள் நுழைய முடியாது. பாதுகாப்பு வேண்டியதுதான், அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் மோடத்தின் கையில் இருந்த ஒரே கூடுதல் பலம் போய்விட்டது. மேலும் மோடத் தடத்தில் ஒரு பொதி போய் வர 150, 200 மில்லிநொடி ஆகும். புதிய தளம் ஒவ்வொன்றுக்கும் முகவரி தேடல், டி.சி.பி. தொடக்கம், டி.எல்.எஸ். தொடக்கம், கோரிக்கை என்று நான்கைந்து முறை போய் வந்தால் முதல் எழுத்து தோன்றும் முன்பே ஒரு நொடி கழிந்திருக்கும். ஒரே பக்கம் இருபது, முப்பது இடங்களிலிருந்து துண்டுகளை இழுத்தால் என்னாகும் என்று சொல்ல வேண்டியதில்லை. 2 மெகாபைட் பக்கம் 44,000 தடத்தில் முழுதாக இறங்க ஆறு நிமிடம்.

எனவே இன்று வேகத்தை மீட்கும் வேலையின் பெரும்பகுதி, எதை இழுக்காமல் இருப்பது என்பதில்தான் இருக்கிறது. தானியங்கிப் புதுப்பிப்புகளை நிறுத்துங்கள். அவை பின்னணியில் ஓடினால் எந்த அளவீடும் பொருளற்றது. உலாவியில் படங்களையும் ஜாவாஸ்கிரிப்ட்டையும் அணையுங்கள், விளம்பரத் தடுப்பைப் போடுங்கள். எழுத்து மட்டும் போதும் என்னும் இடங்களில் லின்க்ஸ் உலாவி இன்றும் வேலை செய்கிறது. அஞ்சல் நிரலில் ஐமேப் என்ற நெறிமுறை வழியே தலைப்புகளை மட்டும் இறக்கி, வேண்டிய கடிதத்தை மட்டும் திறக்கலாம். பெரிய கோப்புகளை விட்ட இடத்திலிருந்து தொடரும் பதிவிறக்க நிரலிடம் இரவில் ஒப்படையுங்கள். தொலைவில் உங்களுக்கென ஒரு லினக்ஸ் கணினி இருந்தால் மறைகுறியாக்கிய தொலை இணைப்பான எஸ்.எஸ்.எச். வழியே அதில் நுழைந்து அங்கேயே உலாவுவது எல்லாவற்றிலும் சிறந்தது, எஸ்.எஸ்.எச்.-இன் சுருக்க வசதியை இயக்கினால் அது மறைகுறியாக்குவதற்கு முன்பே எழுத்தைச் சுருக்கிவிடும். அதை இயக்கியபின் மோடத்தின் சுருக்கத்தை அணைத்துவிடலாம், அதற்கு அங்கே வேலை இல்லை.